தீவுக்கு விடிந்த உத்திரம்

ஐம்பத்தோரு ரூபாய் இருபத்தைந்து பைசா. சந்திரமதி முருகனுக்குப் பட்டிருந்த கடன் அது. ரூபாய் பெரிய காரியமில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, அடுப்படியில் பானைக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தாள். பணத்தோடு காவடியும் வேண்டியிருந்தாள். அந்தக் காவடியை எடுக்கவேண்டிய முதுகு அவளுடையது இல்லை, அவள் புருசன் சொக்கலிங்கத்துடையது. வம்பு அங்கேதான் இருந்தது.

சீனாக்காரன் சண்டை நடந்த வருசம் அது. அந்தமானில் ஹேடோ துறையில் கப்பலின் அடித்தட்டில் சொக்கலிங்கம் நின்றுகொண்டிருந்தபோது மேலே போன வடம் அறுந்து சிமெண்டு மூட்டை ஒன்று அவன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனால் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. சந்திரமதி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல் சத்தமாகச் சொன்னாள்:

"முருகா, இந்த முதுகு நிமிரட்டும். நிமிந்து மூட்டை தூக்கட்டும். அந்தக் கூலியிலதான் உனக்கு அம்பத்தோரு ரூவா நாலணா போடுவேன். அதே முதுகுல காவடியும் எடுக்க வைப்பேன். பங்குனி உத்திரத்தன்னிக்கே எடுக்க வைப்பேன். முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல."

முதுகு நிமிர்ந்தது. எட்டு மாதத்தில் கம்பை ஊன்றி நடந்தான். ஒரு வருசத்தில் மறுபடியும் கப்பலில் இறங்கினான். நேர்த்திக்கடனைப் பற்றி அவள் சொன்னபோது அவன் சிரித்தான்.

"கடன் வாங்குனவ நீ. அடமானம் வச்சது என் முதுகா? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலாம்னுதான் பார்த்தேன். நீங்க கண்ணைத் தொறந்தாத்தானே?"

முதல் பங்குனியில் அவனுக்குக் கம்பு இல்லாமல் நிற்க முடியவில்லை, கூலியும் இல்லை. இரண்டாம் பங்குனிக்குப் பத்து நாள் முன்னால், முதுகுளத்தூர்ப் பக்கம் இருந்த அவன் தாய் இறந்துபோன செய்தி கப்பலில் வந்தது. வீட்டில் தீட்டு. மூன்றாம் பங்குனி வந்தபோது அவன் வலது பாதம் மறுபடியும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. ராத்திரி காலை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால் "குளுரு" என்பான். அந்தமானில் பங்குனி மாதத்துக் குளிரை அவன் ஒருத்தன்தான் கண்டான்.

சந்திரமதிக்கு அது குளிர் இல்லை என்று தெரியும். சாமி ஆள் அனுப்பிக் கடனைக் கேட்கிறது என்று நினைத்தாள். இந்த உத்திரமும் தவறினால் கொடுத்த முதுகைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, எந்த வாயால் கேட்பது?

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில், அவர்கள் குடிசை கடலைப் பார்த்த சரிவில் இருந்தது. காவடியை அவளே கட்டினாள். காட்டுப் பிரம்பை வளைத்து, சாத்தம் மரமில்லில் கழித்துப்போட்ட படாக்குக் கட்டையைக் குறுக்கே வைத்து, செம்பருத்தியும் தென்னங்குருத்தும் கட்டினாள். மயிற்பீலி மட்டும் மெயின்லேண்டிலிருந்து வந்தது, இரண்டே கொத்து. சொக்கலிங்கம் மாலை போட்டு விரதம் இருந்தான். அதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஒரு மாதமாகத் தீவில் அரிசியே கிடையாது. ரேசன் கடையில் கோதுமைக் குருணை, அதுவும் வண்டு விழுந்தது. வங்காளி வீடுகளில்கூட மரவள்ளிக் கிழங்குதான் வெந்தது. ஊர் முழுக்க விரதத்தில் இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

உத்திரத்தன்று விடிகிற நேரத்தில், அவன் குளித்து ஈரவேட்டியோடு நிற்கும்போது, துறைமுகத்து முகப்பில் கப்பல் சங்கு ஊதியது.

இரண்டு வாரமாக எதிர்பார்த்த கப்பல். சரிவில் இருந்த குடிசைகளில் எல்லாம் சத்தம் கிளம்பியது. "சாவல் ஆ கயா! அரிசி வந்துருச்சு!" என்று ஒரு பாஷை பாக்கியில்லாமல் கத்தினார்கள். சந்திரமதி மட்டும் சொக்கலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி பக்தவத்சலம் வாசலில் வந்து நின்றார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. காவடியைப் பார்த்தார். பார்க்காததுபோலத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சொக்கா, ரெண்டாம் நம்பர் ஹேச்சுக் கிடங்கு பூரா அரிசி. ராத்திரியும் காம் இருக்கு, விடிய விடிய எறக்கணும்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

"அண்ணே, இன்னிக்கு வேலைக்கு வரவேணாம், அவுகளுக்குச் சுட்டி குடுக்குறேன்னு நீங்கதான சொன்னீக?" என்றாள் சந்திரமதி.

"சொன்னேம்மா. கப்பல் வியாழக்கெழமை வரும்னு எழுதிப் போட்டிருந்தான். அதை நம்பிச் சொன்னேன். கப்பல்காரன் என் மச்சானா, நான் சொன்னபடி வர்றதுக்கு?"

"ஒங்க கோஷ்டி எட்டுப் பேருல ஒரு ஆளு இல்லாட்டிக் கப்பல் முங்கிருமா?"

சொக்கலிங்கம்தான் பதில் சொன்னான். மூட்டை தூக்குவது ஜோடி வேலை. ஒருத்தன் நின்றால் அவன் ஜோடியும் நிற்கவேண்டும். அவன் ஜோடி பழனிசாமிக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

"அவன் பொண்டாட்டி பச்ச ஒடம்புக்காரி, கிழங்கைத் தின்னுக்கிட்டுக் கெடக்கா. நான் காவடியத் தூக்கிக்கிட்டு ஆடப் போனா அவன் கைய வீசிக்கிட்டு நிக்கணும். முருகன் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவாரா?"

"நீங்க முருகனுக்கு வக்கீலா?"

"மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவான். நீ காவடியோட ஹேடோ கேட்டுக்கு வந்துரு. ஓடிப்போய்க் குன்றுக் கோயிலுக்கு ஏறிட்டு வந்துர்றேன்."

கழுத்து மாலையைத் துண்டால் மூடிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். வலது கால் மண்ணைத் தொடுமுன் கொஞ்சம் தயங்குவதைப் பின்னாலிருந்து அவள் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, இந்த மனுசன் இப்படித்தான் இருப்பான், இப்படி இருப்பதால்தான் அன்றைக்கு அந்த வராந்தாவில் அப்படிக் கதறினோம் என்றும் தோன்றியது.

காவடியையும் பால்செம்பையும் எடுத்துக்கொண்டு சாத்தம் ஃபெரியில் ஏறினாள். படகு முழுக்க மஞ்சள் சேலை, அரோகரா. எல்லோரும் கோயிலுக்கு. அவள் மட்டும் பாலத்தைத் தாண்டி ஹேடோ கேட்டுக்குப் போய், எதிரே இருந்த அய்யூப்பின் டீக்கடையில் காவடியைச் சாய்த்துவைத்தாள். அய்யூப் கீழக்கரைக்காரர். அவர் மனைவி ஷரீபா கடைக்குப் பின்னால் ஒரு மாடு வைத்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, சாமியக் கூட்டிக்கிட்டு டீ குடிக்க வந்தியா?"

"ஒங்க கடை டீயைக் குடிச்சா சாமி மலையேறிரும்ணே."

மத்தியானம் சங்கு ஊதியது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சொக்கலிங்கம் வந்தான். தலை, இமை, மீசை எல்லாம் அரிசித் தவிடு. மாலையில் மட்டும் தவிடு படவில்லை, துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தான்.

"அரை மணிதான் சாப்பாட்டு நேரமாம். லாரி வரிசையா நிக்குது. கேட்டுல விடமாட்டேங்குறான்."

அவள் செம்பின் வாய்த்துணியை அவிழ்த்துக் காட்டினாள். வெயிலில் பால் திரிந்திருந்தது.

"வையி. வேற பால் வாங்கிக்கலாம்."

"வேற பால் வாங்கலாம். வேற உத்திரம் எங்குன வாங்குறது?"

அவன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலது காலைத் தரையில் இரண்டுதரம் தட்டினான். உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. கப்பல் வேலையில் சுமை மேலே போக "ஆவீஸ்" என்பார்கள், கீழே இறங்க "ஆரியா" என்பார்கள். எந்தத் தேசத்து வார்த்தையோ, எல்லாப் பாஷைக்காரனுக்கும் புரியும். "ஆவீஸ்... ஆவீஸ்!" என்ற சத்தத்துக்குள் அவன் ஓடிப் போய்விட்டான்.

சாயங்காலம் கோயில் கூட்டம் இறங்கி வந்தது. நெற்றி நிறைய விபூதி, கையில் பஞ்சாமிர்தம். கேட்டுக்கு வெளியே ஒரு காவடி ஏறாமல் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு பெண் நின்று, "தவறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சந்திரமதி காவடியிலிருந்து வாடிய செம்பருத்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். அவளுக்கு அழுகை வந்ததும் அப்போதுதான்.

ஷரீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழுவாதேம்மா. நாளைக்கு ஏறுனா ஒங்க சாமி வேணாங்குமா?"

"நாளைக்கு உத்திரம் இல்லக்கா. அஸ்தம். முந்தியும் இல்ல பிந்தியும் இல்லன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

அடுப்பருகிலிருந்து அய்யூப் கேட்டார்: "இன்னிக்குத்தான் உத்திரம்னு யாரு சொன்னா?"

"காலண்டருல போட்டிருக்கான்ணே."

"காலண்டரு எங்கன அடிச்சது?"

"மெட்ராசு."

"அப்ப அது மெட்ராசு உத்திரம்." அய்யூப் டீயைக் கை எட்டிய நீளத்துக்கு ஆற்றினார். "எங்க பெருநாளைப் பாரு. போன வருசம் கீழக்கரையில பிறை தெரிஞ்சிருச்சுன்னு தந்தி வந்துச்சு. இங்கிட்டு ஒரே மேகம். எங்க ஆளுங்க என்ன சொன்னாங்க? நம்ம கண்ணுக்குத் தெரியல, நமக்கு நாளைக்குத்தான் பெருநாள். நானும் ஒரு நாள் கூடப் பட்டினி கெடந்தேன். தெரியுமா?"

"அன்னிக்கு அந்தத் தந்தியக் கொண்டாந்தவனை நீங்க திட்டுனது எனக்குத் தெரியும்" என்றாள் ஷரீபா.

"திட்டுனது பசியில. அது வேற. தங்கச்சி, அவங்க வானம் அவங்களுக்கு, நம்ம வானம் நமக்கு. ஒங்க சாமிக்கு மட்டும் மெட்ராசு வானமா?"

சந்திரமதி கையில் இருந்த பூவைக் கீழே போட்டாள். அவளுக்கு நட்சத்திரக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஊரில் இருந்தபோது ஆறு மணிக்குத்தான் கோலம் போடுவாள். இங்கே ஐந்தரைக்கே வெயில் முகத்தில் அடிக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், விடியல் வேறே.

கோயில் விழாவை நடத்துகிற சிவஞானம் அப்போது டீ குடிக்க வந்தார். சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவரை மறித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"சிவஞானம் பாபு, உத்திரம் எப்ப முடியுது?"

"முடிஞ்சிருச்சும்மா. கொடி எறக்கியாச்சு."

"கொடியக் கேக்கல. நட்சத்திரத்தக் கேக்குறேன்."

அவருக்குப் பேசவே தெம்பு இல்லை. இருந்தாலும் தோள்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தார். "நாளைக்கு விடியக்காலம் அஞ்சே முக்கால் வரைக்கும் இருக்கு. அதனால என்ன? சூரியன் உதிக்கிறப்ப எந்த நட்சத்திரமோ அதுதான் அன்னிக்கு நாள். சூரியன் ஆறேகாலுக்கு. அதுக்குள்ள அஸ்தம் வந்துரும்."

"எந்த ஊருல ஆறேகாலுக்கு?"

சிவஞானம் பஞ்சாங்கத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நம்மூருல அஞ்சரைக்கு முந்தியே வந்துருது பாபு. நாளைக்குச் சூரியன் வாரப்ப உத்திரம் இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்" என்றார் அவர் மெதுவாக. "கால்மணி நேரம் போல இருக்கும்." பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "அப்படிப் பார்த்தா இன்னிக்கு விடியறப்ப நமக்குப் பூரந்தான், நாளைக்குத்தான் உத்திரம். இத்தனை வருசமா இங்க இருக்கேன். இந்தப் புஸ்தகம் கப்பல்ல வருது, அதுபடி மணி அடிக்கிறேன்" என்றார்.

"அப்ப இன்னிக்கு ஏறுன காவடியெல்லாம்?" என்று அய்யூப் கண்ணடித்தார்.

"யோவ் பாய், கலகம் பண்ணாதே. பக்தியோட ஏறுனது எல்லாம் சேர்ந்துரும்." சிவஞானம் எழுந்து நின்றார். "பூசாரி இப்பத்தான் படுத்திருப்பான். எழுப்புனா வைவான். வையட்டும். நட தொறந்திருக்கும்மா. அஞ்சே முக்காலுக்குள்ள வந்துரணும். அதுக்குமேல நான் பொய் சொல்லமாட்டேன்."

சந்திரமதி பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பவில்லை. ஷரீபாவின் வீட்டுப் பின்கட்டில் படுத்தாள். முதல் சங்கு ஊதுவதற்கு முன் கேட்டில் நின்றாள். கப்பலில் இரண்டாம் நம்பர் ஹேச்சு காலியாகியிருந்தது. மேஸ்திரிக்குப் பின்னால் எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள், தவிடு பூசிய எட்டுச் சிலைகள். விசயத்தை ராத்திரியே அய்யூப் கேட் காவல்காரன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சொக்கலிங்கம் ஒன்றும் கேட்காமல் குழாயடியில் உட்கார்ந்தான். பழனிசாமி வாளி வாளியாக மொண்டு ஊற்றினான். முதுகில் மூட்டை அழுத்திய இடங்கள் சிவந்து தடித்திருந்தன.

ஷரீபா செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பால் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

"நானும் குளிச்சிட்டுத்தான் கறந்தேன். ஒங்க சாமி ஒண்ணும் சொல்லாதுல்ல?"

"சொன்னா நான் கேட்டுக்கிறேன்க்கா" என்று சந்திரமதி செம்பைக் கண்ணில் ஒற்றிக் காவடியில் கட்டினாள்.

குன்றுப் பாதை ஹேடோவிலிருந்து நேரே ஏறும். கிழக்கே கடல் வெளுத்திருந்தது. சொக்கலிங்கம் முதல் திருப்பம்வரை நன்றாக ஏறினான். இரண்டாம் திருப்பத்தில் வலது கால் நின்றுவிட்டது. தூக்குகிறான், வரவில்லை. பகலும் இரவும் அரிசி தூக்கிய உடம்பு, வயிற்றில் கஞ்சித் தண்ணீர். காவடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சந்திரமதி பிடிக்கக் கையை நீட்டி, இழுத்துக்கொண்டாள். அவன் முதுகு என்றுதானே சொல்லியிருந்தாள்.

பின்னால் வந்த ஏழு பேரும் நின்றார்கள். யாரும் தொடவில்லை. நடுச்சாமத்தில் அவர்கள் கருவாடு தின்றிருந்தார்கள்.

"முடியலண்ணே" என்றான் சொக்கலிங்கம். "காலு எங்க இருக்குன்னே தெரியல."

பக்தவத்சலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கப்பல் பலகையில் கண்ணை மறைக்கும் சுமையோடு ஒருத்தன் தடுமாறினால் மேஸ்திரி அவன் எதிரே நின்று, பின்னால் நடந்துகொண்டே கால் சொல்லிக் கூட்டிப்போவார். சுமைக்காரன் தன் காலை மறந்துவிட்டு அந்தக் குரலில் நடக்கவேண்டும். அந்தக் கனத்த மனுசர் மேட்டில் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"என்னைப் பாரு. கீழ பார்க்காத. வலது தூக்கு... ஆவீஸ்!"

கால் எழுந்தது.

"எடது... ஆவீஸ்!"

பின்னாலிருந்து ஏழு பேரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆவீஸ்! ஆவீஸ்!" அரோகரா சொல்லவேண்டிய வாய்களில் கப்பல் சத்தம்தான் வந்தது. சந்திரமதி முதலில் திகைத்தாள். பிறகு அவர்கள் ஆவீஸ் என்று இழுக்கும்போதெல்லாம் அந்த இடைவெளியில் "அரோகரா" என்று போட்டாள். ஆவீஸ், அரோகரா, ஆவீஸ், அரோகரா. மேஸ்திரி இரண்டு தடவை கல்லில் இடறினார். பழனிசாமி அவர் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

கடைசித் திருப்பத்தில் கடலிலிருந்து சூரியன் முழுசாக ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் மேல் இருந்த தவிடு பொன்னாகப் பளபளத்தது. வாசல்படியில் சிவஞானம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சந்திரமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

"மணி என்ன பாபு?"

சிவஞானம் வாட்சிலிருந்து கண்ணை எடுத்தார். தவிட்டு மனிதர்களையும், பின்னோக்கி ஏறிவந்து நாக்குத் தள்ள நிற்கும் மேஸ்திரியையும், ஈரவேட்டிக்காரன் முதுகையும் பார்த்தார்.

"உத்திரம். இன்னும் மூணு நிமிசம் இருக்கு. வா, வா!"

உள்ளே பூசாரி தூக்கம் கலையாத முகத்தோடு திரையை விலக்கினார். சொக்கலிங்கம் குனிய முடியாமல் குனிந்தான். "ஆரியா" என்றார் பக்தவத்சலம் தாழ்ந்த குரலில். "மெல்ல... மெல்ல ஆரியா." காவடி இறங்கியது. பால் சாமியின் தலையிலிருந்து வழிந்து கல்லுக்கு வந்தது.

சந்திரமதி மஞ்சள் துணியை அவிழ்த்தாள். நோட்டை எல்லாம் மடித்து உண்டியலில் போட்டாள். நாலணாக் காசை மட்டும் கடைசிவரை கையில் வைத்திருந்து, பிறகு உள்ளே விட்டாள். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது சொக்கலிங்கம் படியில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் பஞ்சாமிர்தத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததில்லை.

"கடன் தீந்துச்சா?" என்றான்.

"தீந்துச்சு."

"ஆனா முதுகு வலிக்குதுடி. காலும் அப்படித்தான் இருக்கு."

"வலிக்கத்தான் செய்யும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மூட்டை தூக்குனா வலிக்காம?" அவள் பெருவிரலை இழுத்துச் சொடக்கு எடுத்தாள். "இனிமே வலிச்சா அது மூட்டை வலி, சாமி கடன் கேக்குற வலி இல்ல. தைலம் தேச்சுப் பாப்போம், கேக்கலையா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் யாருக்கும் பயப்படணும்னு இல்ல."